அளந்து வெட்டுவதா, பார்த்து வெட்டுவதா?
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



உதட்டுப் பிளவுச் சத்திரசிகிச்சை பற்றிப் பேசச் சொன்னீர்கள். இங்கே தையல் வகுப்பில் ஊசி பிடித்தவர்களுக்கு இது இலேசாக விளங்கும்.

பிளவின் இரு ஓரங்களும் மேல்நோக்கிச் சுருங்கியிருக்கும். அவற்றை நேராகச் சேர்த்துத் தைத்தால், தழும்பு சுருங்கும்போது உதடு மறுபடி மேலே இழுபடும். ஆகவே உதட்டுக்கு நீளம் தேவை. அதை எப்படிப் பெறுவது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

1952 இல் டெனிசன் வெளியிட்ட முறை, கடதாசியில் அச்சு வரைந்து துணி வெட்டுவது போன்றது. பின்னர் ராண்டல் அதன் அளவுகளைத் திருத்தமாக வகுத்தார். பிளவின் வெளிப்புறத்தில் சிறு முக்கோணம் எடுத்து, உட்புறத்தின் கீழ்ப்பகுதியில் செருகுவார்கள். நீளம் கணக்காய் வரும். ஆனால் தழும்பு கோணலாகி, மூக்கின் கீழுள்ள பள்ளத்துக்குக் குறுக்கே ஓடும்.

கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கரான மில்லார்ட் 1955 இல் ஸ்ரொக்ஹோம் மாநாட்டில் வேறொரு வழி சொன்னார். உட்புறத்தைக் கீழே சுழற்றி, உண்டாகும் இடைவெளிக்குள் வெளிப்புறத்தை நகர்த்துவது. தழும்பு பெரும்பாலும் இயற்கையான மேட்டோடு மறையும். இது துணியை ஆளின் மேல் வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டும் தையற்காரியின் கைவேலை. அகன்ற பிளவில் நீளம் போதாமற் போகலாம். பழகிய கைக்கு மில்லார்ட், பழகும் கைக்கு அளவு முறை என்பது என் அபிப்பிராயம். 2005 இல் ரொறன்ரோவின் பிஷர் வெளியிட்ட முறையோ இரண்டின் நன்மையையும் சேர்க்கப் பார்க்கிறது: அளவும் உண்டு, தழும்பும் இயற்கையான எல்லைகளோடு போகும்.

எந்த முறையானாலும் வாயைச் சுற்றியுள்ள தசையைச் சரியாக இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை சிரிக்கும்போது உதட்டோரம் புடைக்கும். தூங்கும் பிள்ளையின் படத்தைக் காட்டி வெற்றி என்பவர்களை நம்பாதீர்கள். சிரிக்கும் பிள்ளையைப் பாருங்கள்!

இன்னொன்று. கிரகணத்தன்று கத்தி பிடித்தாள் என்று தாயைக் குறை சொல்லும் ஊர் நம்முடையது. மேலுதடு பொருந்துவது கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதங்களுக்குள். அப்போது தான் கர்ப்பிணி என்பதே பலருக்குத் தெரியாது. அந்தத் தாய்க்குத் தேவை ஏச்சு அல்ல, பாலூட்டும் வழியும் கிளினிக் திகதியும்தான். சத்திரசிகிச்சை வழமையாக மூன்று மாத அளவில் நடக்கும். பிறகு சில மாதங்கள் தழும்பு சிவந்து தடித்திருக்கும். ஒரு வருடமளவில் மெதுமெதுவாக இளகும். அதைக் கண்டு பயந்து கிளினிக் போவதை நிறுத்த வேண்டாம் என்று உங்கள் அயலில் உள்ள தாய்மாருக்குச் சொல்லுங்கள். மூக்கும் பல்லும், அண்ணமும் பிளந்திருந்தால் பேச்சும், பிள்ளை வளர வளரப் பார்க்க வேண்டியவை.