பனிமலையில் நடுத்தரச் சறுக்குநர்



பனிச்சறுக்கில் தொடக்க நிலையைக் கடந்து, முழுத் தேர்ச்சியை இன்னும் எட்டாதவருக்குப் பெரிய மலைத்தலம் விருந்துமாகும், சோதனையுமாகும். சுவிற்சர்லாந்தின் செர்மாற் நகரை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூரிலிருந்து தொங்கு வண்டிகள் 3,883 மீற்றர் வரை ஏற்றிச் செல்கின்றன. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. விரைவில் மூச்சு வாங்கும். ஆதலின், முதல் நாளை நீல நிறக் குறியிட்ட எளிய தடங்களிற் கழித்து, பின்னரே சிவப்புத் தடங்களை நாடுதல் நன்று. கறுப்புத் தடம் வல்லவர்க்குரியது. மஞ்சள் தடமோ செப்பனிடப்படாதது, அதனை விலக்குக.

சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் விதிப்படி, முன்னே செல்பவருக்கே வழியுரிமை. பின்னால் வருபவரே விலகல் வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது திரும்பும் நேரம். எல்லை கடந்து இத்தாலியின் செர்வீனியாவுக்குச் சறுக்கி இறங்கலாம். மீள்வதற்கோ மேலேறும் வண்டி வேண்டும். கடுங்காற்று வீசினால் அது நிறுத்தப்படும். கடைசி வண்டியும் தவறினால், மலைத்தொடரைச் சுற்றி நெடுந்தூரம் வீதிவழியே திரும்ப நேரிடும். ஆகவே நண்பகலுக்குப் பின் கடிகாரத்தையும் வானத்தையும் நோக்குங்கள். களைத்த கால்களே இடறுகின்றன. "இன்னும் ஒரு முறை" என்ற ஆசையை அடக்கி இறங்குபவரே மறுநாளும் மகிழ்ந்து சறுக்குவார்.