மழைக்கு முன் மல்லித் தொட்டிகளைக் காப்போம்
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)



நம் மொட்டைமாடி மல்லிச் செடிகளின் இலைகளில் செம்பழுப்புப் புள்ளிகள் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வெயிலில் வாடியது என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனால் இது ஆல்டர்னேரியா போன்ற பூஞ்சைகளால் வரும் இலைக்கருகல் நோய். கார்னேஷனையும் துலுக்கச் சாமந்தியையும் கருக்குவது இதன் பங்காளிப் பூஞ்சைகள்தான்.

பூஞ்சையின் வித்துகள் காற்றிலும் தண்ணீர் தெறிப்பிலும் பரவும். இலை மணிக்கணக்கில் ஈரமாக இருந்தால் முளைத்து உள்ளே நுழையும். நீலகிரியில் கார்னேஷனைப் பசுமைக்குடிலுக்குள் சொட்டுநீரில் வளர்க்கிறார்கள்; இலை நனையாமல் இருப்பது அதில் ஒரு லாபம். நமக்கோ ஐப்பசி மழை நெருங்குகிறது.

எனவே இந்த வாரமே:

1. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி, உதிர்ந்ததையும் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் வேண்டாம். கத்தரிக்கோலை டெட்டாலில் துடையுங்கள்.
2. தொட்டிகளுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி விடுங்கள்.
3. காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள். ஹோஸ் பைப்பால் செடியைக் குளிப்பாட்ட வேண்டாம்.
4. அப்படியும் பரவினால் லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் கலந்து, கையுறை, முகக்கவசத்துடன் தெளிக்கலாம். துளசி, கறிவேப்பிலை, கீரை பக்கம் படக்கூடாது. சில நாள் பூப் பறிக்கக் கூடாது.

தொட்டிகளையே அகற்றிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பார்த்தசாரதி கோயில் வாசலில் பூ கிடைக்கும்தான். ஆனால் சாயங்காலம் மாடியில் நாம் சேர்ந்து நின்று பேசுவதே மொட்டுப் பறிக்கும் சாக்கில்தான். இந்த மழைக்காலம் முடியும்வரை பொறுங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்வோம்.