பலகையில் எந்தக் காலத்தை எழுதுவது?



ஊர் வரலாறு பற்றிய இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறீர்கள். துறையின் வளர்ச்சியைச் சொல்லி, முன்னோடிகளை வணங்கி அமர்வது தலைமையுரையின் மரபு. முன்னோடிகளை மனத்தால் வணங்கிவிட்டு, தொல்லியல் சின்னங்களுக்குப் போகும் வழியில் நட்டிருக்கும் பலகையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நம் ஆய்வேட்டை நெறியாளர் படிக்கிறார், தேர்வாளர் படிக்கிறார். தேர்வாளர் படிப்பதும் சில சமயம் ஐயம்தான். பலகையை ஆடு ஓட்டிப் போகிறவர் படிக்கிறார், பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் அதில் பெரும்பாலும் இருப்பது, சின்னத்தைச் சேதப்படுத்தினால் சட்டப்படி தண்டனை என்ற எச்சரிக்கைதான். சேதப்படுத்தக் கூடாத அந்தப் பொருள் என்ன என்பதற்கு ஒரு வரி மிஞ்சினால் பெரிது.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு பலகை வைக்க வேண்டும், அதை எழுதும் வேலை நமக்கு என்று வையுங்கள். என்ன எழுதுவோம்? “2,200 ஆண்டுப் பழமையான தமிழிக் கல்வெட்டு” என்று நம்மில் பலர் கை உடனே எழுதிவிடும். தவறில்லை. கழிஞ்சமலைக் குகைத்தளத்தின் முகப்பில் அந்த எழுத்துகள் இருக்கின்றன. நெல்வேலிச் செழியன் ஒருவனும், இலஞ்சி வேளின் வழிவந்த ஒருவனும் இந்தக் குகையைக் கொடுத்ததாகச் சொல்கின்றன. பக்கத்து மீனாட்சிபுரம் மலையில் உள்ளவற்றை மாங்குளம் கல்வெட்டுகள் என்கிறோம். ராபர்ட் சுவெல் 1882-இல் கண்டறிந்தவை. அங்கே நெடுஞ்செழியன் பெயர் வருகிறது, கணி நந்தன் என்ற சமணத் துறவியின் பெயர் வருகிறது, வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகக் குழுவும் வருகிறது. “இங்கு சமணர்கள் வாழ்ந்தனர்” என்று எழுதி முடித்துவிட்டால், எங்கிருந்தோ வந்து தங்கிப் போனவர்கள் என்றுதான் படிப்பவர் எண்ணுவார். அந்தத் துறவிகளுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்த அரச குலத்தாரையும் வணிகரையும் யார் கணக்கில் வைப்பது?

அரிட்டாபட்டிக் கழிஞ்சமலையிலேயே இன்னொரு பக்கம் போனால் காலம் மாறிவிடுகிறது. தலைக்கு மேல் முக்குடையோடு தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார், கீழே வட்டெழுத்து. திருப்பிணையன் மலை என்று மலைக்கு ஒரு பழைய பெயரையும், இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்பதையும், பாதிரிக்குடியார் இதைக் காக்க வேண்டும் என்பதையும் அது சொல்கிறது. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டு எழுத்து. முதற்கல்வெட்டுக்கும் இதற்கும் இடையே ஓராயிரம் ஆண்டு ஓடியிருக்கிறது. அந்த இடைவெளியின் பிற்பகுதியில் பாண்டியர் குடைந்த சிவன் கோயிலும் இங்கே உண்டு. அதன் முகப்பில் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் கையில் தண்டோடு இலகுலீசர். பாசுபத நெறியின் ஆசானாகப் போற்றப்படும் இலகுலீசரின் சிற்பம் தமிழகத்தில் காணக் கிடைப்பதே அரிது. ஊரார் அந்தக் குடைவரையை இடைச்சி மண்டபம் என்கிறார்கள். நூல்களில் இந்தப் பெயர் அடைப்புக்குறிக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. பலகையில் அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. வழி கேட்டு வருகிறவனுக்கு ஊரார் காட்டப்போவது அந்தப் பெயரைச் சொல்லித்தானே!

கல்லை மட்டும் பார்ப்பது நம் துறையின் பழக்கம். அரிட்டாபட்டியில் ஆனைகொண்டான் ஏரி இருக்கிறது, ஏழு குன்றுகள் இருக்கின்றன, சுனைகள் இருக்கின்றன. படுக்கையில் படுத்த துறவிக்கும் குடிநீர் வேண்டும், கோயில் குடைந்தவனுக்கும் வேண்டும். இராசாளிக் கழுகுகள் கூடு கட்டும் அந்தப் பாறைகளையும் சேர்த்து, 2022 நவம்பரில் அரசு சுமார் 193 ஹெக்டேரைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் அதுவே முதலாவது.

இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வெளிவந்தது. 2,015 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்தப் பரப்பில் அரிட்டாபட்டியும் அடக்கம். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரைக்கு ஊர்வலமாக வந்தார்கள். 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மூன்று மாதங்களில் மக்கள் பேசியதை நினைத்துப் பாருங்கள். கண்மாய், கோயில், சமணர் படுக்கை, பறவை, விவசாயம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சங்க காலம் எனக்கு, இடைக்காலம் உனக்கு, சூழலியல் அவருக்கு என்று பாத்தி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தான். பலகையில் 2024-25க்கும் ஒரு வரி வேண்டும் என்றால், அது செய்தி, வரலாறு ஆகாது என்று இங்கேயே சிலர் முகம் சுளிப்பீர்கள். குகைத்தளத்துக் கல்வெட்டும் வெட்டிய அன்றைக்குச் செய்திதான்.

அமைப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன், ஒப்புக்கொண்டார்கள். கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும் தம் ஊருக்கான பலகை வாசகத்தை நூறு சொல்லுக்குள் எழுதி நாளை மதியத்துக்குள் தர வேண்டும். காலவரிசை கட்டாயமில்லை. மன்னர் பெயர் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஊரார் வழங்கும் இடப்பெயர் ஒன்றாவது இருக்க வேண்டும். நிறைவு அமர்வில் வாசித்து, வெட்ட வேண்டியதை எல்லோருமாகச் சேர்ந்து வெட்டுவோம். என் வரைவு இப்போதே நூற்று நாற்பது சொல்லில் நிற்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம். முதல் அமர்வுக்குத் தலைமை ஏற்பவர் மேடைக்கு வரலாம்.