வீடு எங்கே, வேலை எங்கே?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தொழில்நுட்பமும் நகர வாழ்க்கையும்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் பற்றிப் பேசுவான் என்று யாராவது எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். நான் சிவில் படித்தவன். எனக்குத் தெரிந்தது சிமெண்டும் கம்பியும்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

என் அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1955-ல் தொடங்கிய தொழிற்சாலை அது. நாங்கள் ஐ.சி.எஃப். காலனி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். காலையில் சங்கு ஊதும். அப்பா சைக்கிளை எடுத்தால் பத்து நிமிடத்தில் கேட்டில் இருப்பார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் பக்கத்திலேயே. தொழில் வந்தபோது வீடும் கூடவே வந்தது. அதே வட சென்னையில் பி அண்ட் சி மில் 1996-ல் மூடப்பட்டது. அந்த மில்லை நம்பியிருந்த தெருக்கள் ஓய்ந்து போனதையும் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். தொழில் ஒரு ஊரை வளர்க்கவும் செய்யும், கைவிடவும் செய்யும்.

பிறகு தொழில் மேற்கேயும் தெற்கேயும் நகர்ந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி, 2000-ல் தரமணியில் டைடல் பார்க், அப்புறம் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் கண்ணாடிக் கட்டடங்கள். வீடு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம், நடுவே கம்பெனி பஸ் என்று ஆயிற்று. ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களுக்கோ இது தலைகீழ். வேலை நகரின் நடுவிலேயே நின்றுவிட, வீடு மட்டும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போய்விட்டது.

அப்படிப்பட்ட ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் நான் சைட் இன்ஜினியராக இருந்தேன். எந்த இடம் என்று சொல்ல வேண்டாம். அலுமினிய ஃபார்ம்வொர்க் முறை. அச்சுகளைப் பூட்டி, சுவரையும் மேல்தளத்தையும் சேர்த்தே கான்கிரீட் ஊற்றிவிடுவோம். செங்கல் கிடையாது, பூச்சு வேலையும் அதிகம் இல்லை. மாடி மேல் மாடியாக மளமளவென்று எழும்பும். ரொம்பப் பெருமையாக இருந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

சாவி கொடுத்த வாரம் ஓர் அம்மா வந்தார். ஆற்றோரத்தில் தன் குடிசை வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருந்தவர். இங்கே நான்காவது மாடியில் வீடு. "சார், அடுப்பை எங்க வைக்கிறது?" என்று கேட்டார். சமையலறையைக் காட்டினேன்.

"அது எங்களுக்கு ஆக்கிக்க சார். நான் வியாபாரத்துக்குக் கேக்கறேன். இந்தச் சுவத்துல ஜன்னல் மாதிரி கொஞ்சம் உடைச்சுக்கலாமா?"

"உடைக்கவே கூடாதும்மா" என்றேன். நான் சொன்னது சரிதான். அந்த முறையில் தூண் தனியாகக் கிடையாது, சுவர்தான் பாரம் தாங்குகிறது. உடைத்தால் மேல் வீடுகளுக்கும் ஆபத்து. அப்படியே ஜன்னல் வைத்தாலும் நான்காவது மாடிக்கு யார் ஏறி வந்து இட்லி வாங்குவார்கள்? அந்த அம்மா ஒன்றும் பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. பூகம்பத்துக்குக் கணக்குப் போட்டோம், காற்றுக்குக் கணக்குப் போட்டோம். அவர் பிழைப்புக்கு யாரும் கணக்குப் போடவில்லை. நானும் போடவில்லை.

ஆற்றங்கரையிலேயே அவர்களை விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவன் யாரும் அப்படிச் சொல்லமாட்டான். உறுதியான வீடு கட்டாயம் வேண்டும். ஆனால் வீடு என்பது நான்கு சுவர் மட்டும் அல்ல. அங்கிருந்து வேலைக்குப் போகிற வழியும் அதில் சேர்ந்தது.

தொழிலையும் வீட்டையும் மறுபடி சேர்க்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2024-ல் வல்லம் வடகாலில் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. வேலைக்குப் பக்கத்தில் பாதுகாப்பான இடம், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அது படுக்கைக் கணக்கு. அங்கே தங்கும் பெண்ணுக்கு நாளை கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்தால் எங்கே குடியிருப்பாள்? என் அப்பாவுக்குக் கிடைத்தது குடும்பக் கணக்கு. அதனால்தான் நான் படித்து இங்கே வந்து நிற்கிறேன்.

என் அடுத்த வேலையில், கீழ்த்தளத்தில் சின்னச் சின்னக் கடைகளுக்கு இடம் விடவேண்டும் என்று டிசைன் மீட்டிங்கில் பிடிவாதம் பிடித்தேன். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அந்தப் பாதியில் இன்றைக்கு ஒரு டீக்கடையும் ஒரு தையல் கடையும் நடக்கின்றன.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் டிராயிங் போடுவீர்கள். அதற்கு முன்னால், அங்கே குடிவரப் போகிறவர் ஒருவரையாவது நேரில் பாருங்கள். "காலையில எழுந்து எங்க போவீங்க? எதுல போவீங்க? என்ன தொழில்?" என்று கேளுங்கள். இங்கே கணக்குத் தப்பினால் மார்க்தான் போகும். வெளியே தப்பினால் ஒருவருடைய பிழைப்பே போய்விடும்.