கருவைத் தடுப்பது வேறு, நோயைத் தடுப்பது வேறு
(பாறசாலை வட்டார மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு மொழி, ஆஸ்பத்திரியில் ஒரு மொழி என்று வாழ்கிறோம். ஆனால் வெள்ளைப்படுதலை மலையாளத்தில் 'வெள்ளபோக்கு' என்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் நம் வாயை அடைப்பது மொழியா, வெட்கமா?

எல்லா வெள்ளைப்படுதலும் நோயல்ல. பெண்ணுறுப்பில் வாழும் நல்ல கிருமிகள் அங்கே புளிப்புத் தன்மையைக் காத்து, தீய கிருமிகளை அடக்கி வைக்கின்றன. சோப்புப் போட்டு உள்ளே கழுவினால் அந்தக் காவல் கெடும்.

கருத்தடை முறைக்கும் இதில் பங்குண்டு. காப்பர்-டி போட்டவர்களில் சிலருக்கு உதிரப்போக்கு கூடி, மீன்வாடையுடன் வெள்ளைபடலாம். கருப்பையில் கிருமி ஏறும் அபாயம் குறைவு. இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களில்தான். ஆகவே போடுமுன் நோய் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடும் சிலருக்குத் தயிர்போல் வெள்ளைபட்டு அரிப்பு வரலாம். இவை மருந்தால் தீரும். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் ஆண்கள் வளைகுடாவிலும் மும்பையிலும் உழைத்து, வருடம் கழித்து வருகிறார்கள். "ஆபரேஷன் ஆகிவிட்டதே, இனி ஆணுறை எதற்கு?" என்கிறோம். ஆபரேஷன் கருவைத்தான் தடுக்கும். காப்பர்-டியும் மாத்திரையும் ஊசியும் அப்படியே. உடலுறவால் தொற்றும் நோயையும் சேர்த்துத் தடுக்க உதவுவது ஆணுறை. அப்படி ஒரு நோய் கண்டால் கணவனும் மனைவியும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் நோய் திரும்பி வரும்.

1971 ஜூலையில் எர்ணாகுளம் முகாமில் ஏறத்தாழ 63,000 ஆண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டார்கள். இன்றோ ஆண்கள் முன்வருவது அபூர்வம். பாரம் முழுவதும் பெண் தலையில். ஆணுறையையும் "வேண்டாம்" என்று ஒதுக்கினால், நோயின் பாரமும் அவள் தலையில்தான் விழும்.

தோழர்களே, எந்த முறை நமக்குப் பொருந்தும் என்பதை நாமே தீர்மானிப்போம். நமக்குப் புரியும் மொழியில் விளக்கம் கேட்போம். விளங்காத தாளில் கையெழுத்துப் போடமாட்டோம். அது சலுகையல்ல, நம் உரிமை!