மயக்கமருந்துக்கு முன் வாய் திறப்போம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



காலைப் பிரார்த்தனையில் கதைத்ததற்காக இதே மண்டபத்தில் என்னை எழுப்பி நிற்கவிட்ட ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், இன்றைக்கும் கதைப்பதைப் பற்றித்தான் கதைக்கப்போகிறேன்.

நான் மயக்கமருந்து வைத்திய நிபுணர். ஊசி போட்டு நித்திரையாக்குவதோடு எங்கள் வேலை முடிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நோயாளி கண் விழிக்கும் வரை அவருடைய மூச்சும் நாடியும் எங்கள் பொறுப்பு. 1846 இல் பொஸ்டன் நகரில் ஈதர் கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்துகாட்டிய நாளிலிருந்து இத்துறை வெகுதூரம் வந்துவிட்டது. ஆனாலும் கருவிகள் எல்லாவற்றையும் சொல்வதில்லை. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியைக் கொரோனாக் காலத்தில் நீங்களும் வாங்கியிருப்பீர்கள். குருதியில் ஒட்சிசன் குறைந்திருப்பதை அது காட்டத் தவறுவது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய 3 மடங்கு அதிகம் என்று 2020 இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. தோல் நிறம் கூடிய நாங்களும் கவனிக்கவேண்டிய செய்தி இது.

கருவி சொல்லாததை மனிதர் சொல்லவேண்டும். 2005 இல் இங்கிலாந்தில் எலைன் புரொமிலி என்ற 37 வயதுத் தாய், மூக்கில் வழக்கமான ஒரு சத்திரசிகிச்சைக்குப் போனார். மயக்கமருந்து கொடுத்தபின் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்த முடியவில்லை. அனுபவமிக்க வைத்தியர்கள் மீண்டும் மீண்டும் அதையே முயன்றார்கள். கழுத்தில் துளையிட்டுக் காற்றுக் கொடுக்கும் உபகரணத்தை ஒரு தாதி கொண்டுவந்து, ஆயத்தம் என்றும் சொன்னார். யாரும் கவனிக்கவில்லை. அதற்குமேல் எப்படி வற்புறுத்துவதென்று தாதியருக்குத் தெரியவில்லை. 13 நாள்களின் பின் அத்தாய் இறந்தார். விமானிகள் ஒருவரையொருவர் திருத்தப் பழகுவதுபோல வைத்தியரும் பழகவேண்டுமென்று, விமானியான அவருடைய கணவர் உழைத்தார்.

2008 இல் உலக சுகாதார நிறுவனம் தந்த சரிபார்ப்புப் பட்டியலின்படி, வெட்டுமுன் கூடத்திலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும். ஒருதடவை வாய் திறந்தவருக்கு மறுதடவை திறப்பது இலகு. 8 நகரங்களில் இப்பட்டியலைப் பரீட்சித்தபோது மரணம் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்தது.

நானும் தப்பியவள்தான். ஒரு நீண்ட பகலின் கடைசி நோயாளி. ஊசியில் மருந்தை எடுத்துவிட்டேன். புதிதாக வந்த தாதி மெல்லக் கேட்டார்: "டொக்டர், பென்சிலின் ஒத்துக்கொள்ளாதெண்டு இந்த அம்மா வோட்டில சொன்னவ. இதுவும் அந்த வகைதானே?" நான் குறிப்பைப் பார்த்திருக்கவில்லை. அவருக்கு நன்றி சொன்னேன். முன்பொரு நாள் வேறொரு தாதியைச் சினந்து வாயடைக்கவைத்தது அப்போது நினைவில் வந்து சுட்டது.

உங்களிடம் கேட்பதும் அதுவே. ஒத்துக்கொள்ளாத மருந்து, ஆடும் பல், முன்னர் மயக்கமருந்தால் உங்களுக்கோ இரத்த உறவுகளுக்கோ வந்த சிக்கல், எல்லாவற்றையும் எங்களிடம் சொல்லுங்கள். உடல் மெலியவோ நீரிழிவுக்கோ வாரமொருமுறை செமாகுளூட்டைட் ஊசி போடுபவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். இரைப்பை வெறுமையாவதை அது தாமதமாக்கும். சாப்பிடாமல் வந்தாலும் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். நீங்களாக நிறுத்தவேண்டாம். நேரத்தோடு சொல்லுங்கள், வழி இருக்கிறது.

சத்திரசிகிச்சையின் பின் வலித்தால் அதையும் சொல்லுங்கள். எங்கள் பெண்கள் "பரவாயில்லை டொக்டர்" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பவருக்கு ஆழமாக மூச்செடுக்கவோ இருமவோ முடியாது. சளி தேங்கி நெஞ்சில் கிருமி தொற்றலாம். பொறுத்ததற்காக யாரும் பரிசு தருவதில்லை.

இங்கு இப்போது படிக்கும் பிள்ளைகள், பெரியவர் ஒருவரின் பிழையைக் கண்டால் மரியாதையோடு எழுந்து சொல்லட்டும். அதைக் கேட்க நாங்களும் பழகுவோம்.