கடைத்தட்டிலிருந்து இறங்கிய போத்தல்கள்



1970களின் பிற்பகுதியில் இலங்கை அரச வைத்தியசாலைகளின் பதிவுகளைப் பேராசிரியர் ஜெயரட்ணமும் அவருடைய சகாக்களும் திரட்டிப் பார்த்தார்கள். பீடைகொல்லி நஞ்சினால் எத்தனை பேர் அனுமதிக்கப்படுகிறார்கள் என்பதே கேள்வி. ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர் என்றும், அவர்களில் 1,000 பேர் இறக்கிறார்கள் என்றும் 1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் எழுதினார்கள். வயலில் மருந்தடிக்கும்போது தவறுதலாக நஞ்சேறியவர்கள் அதில் சிறுபகுதிதான். பெரும்பாலானோர் தாமாகவே குடித்தவர்கள். அவர்களில் பலர் இளையோர்.

அந்தக் கணக்கு வெளிவந்த பிறகும் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. 1995இல் இலட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. பத்து ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, அதன் பிறகும் இறங்கியது. இருபது ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வீழ்ச்சி. இவ்வளவு பெரிய இறக்கத்தை இவ்வளவு குறுகிய காலத்தில் கண்ட நாடுகள் மிகச் சில. போர் நடந்துகொண்டிருந்த, பணம் குறைந்த ஒரு நாட்டில் இது எப்படி நடந்தது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

அதிக விளைச்சல் தரும் நெல்லினங்கள் வந்த காலத்தோடு பூச்சிமருந்தும் கிராமத்துக்கு வந்தது. கமக்காரரின் வீட்டில் மண்வெட்டி இருக்கும் மூலையிலேயே மருந்துப் போத்தலும் இருந்தது. தகப்பனோடு வாய்த்தர்க்கம், பரீட்சைப் பெறுபேறு, காதலில் முறிவு, ஊரார் முன் பட்ட அவமானம் என்று எதுவோ ஒன்றில் நொறுங்கிப்போன பதினேழு வயதுப் பிள்ளையின் கை எட்டும் தூரத்தில் அது இருந்தது.

வைத்தியசாலைகளில் உயிர் தப்பியவர்களிடம் ஆய்வாளர்கள் பேசினார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், முடிவெடுத்த அரை மணி நேரத்துக்குள் குடித்துவிட்டவர்கள். எது கொடியது, எது அப்படியில்லை என்ற அறிவு பெரும்பாலானோருக்கு இருக்கவில்லை. கையில் அகப்பட்டதைக் குடித்திருந்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பிள்ளை பிழைத்ததா, இறந்ததா என்பதை அந்தப் பிள்ளையின் மன உறுதியைவிட, அன்று வீட்டில் எந்தப் போத்தல் இருந்தது என்பதே பெரிதும் தீர்மானித்திருக்கிறது.

இந்த ஆய்வுகளின் கதை அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற வரண்ட வலய வைத்தியசாலைகளில் நடந்தது. மைக்கேல் எடில்ஸ்டன் என்ற பிரித்தானியர் 1990களின் நடுப்பகுதியில் இளைஞராக இங்கே வந்தார். பிறகு அவரும், பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும், அவுஸ்திரேலிய நச்சியல் நிபுணர்களும் சேர்ந்து தெற்காசிய மருத்துவ நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். அவர்கள் முதலில் தேடியது நல்ல சிகிச்சையைத்தான். குடித்த நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் என்று நம்பி நோயாளிகளுக்குக் கரித்தூள் கரைத்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அது உண்மையிலேயே உயிர் காக்கிறதா என்று 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். பலன் எதுவும் தெரியவில்லை என்று 2008இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கையையும் காலையும் பிடித்துக்கொண்டு குழாய் விட்டு வயிற்றைக் கழுவும் முறை சில வேளைகளில் நோயாளியையே கொல்கிறது என்பதும் தெரியவந்தது. மனமுடைந்து வந்த ஒரு பிள்ளைக்கு நல்லெண்ணத்தோடு இதையெல்லாம் செய்துகொண்டிருந்தோம் என்பதை நினைக்க மனம் கனக்கிறது. ஆனாலும் பலனில்லாத ஒன்றைப் பலனில்லை என்று நிரூபிப்பதற்கு ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பக்கத்தில் இரவும் பகலும் நின்ற வைத்தியர்களையும் தாதியரையும் நான் மிகவும் மதிக்கிறேன்.

அதே கட்டில்களின் பக்கத்திலிருந்துதான் முக்கியமான ஒரு கண்டுபிடிப்பும் வந்தது. பீடைகொல்லிகளின் கொடுமையை உலகம் எலிகளில் அளந்து வகைப்படுத்தியிருந்தது. எலிக்கு ஏறத்தாழ ஒரே அளவு ஆபத்தானவை என்று கருதப்பட்ட சில மருந்துகளைக் குடித்த 802 நோயாளிகளை இந்தக் குழு பின்தொடர்ந்தது. ஒரு மருந்தைக் குடித்தவர்களில் நூற்றுக்கு 8 பேர் இறந்தார்கள். அதே இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்றைக் குடித்தவர்களில் நூற்றுக்கு 23 பேர். பெயர்களைச் சொல்லப் போவதில்லை, அவை இங்கே தேவையும் இல்லை. மனித உடலில் எது அதிகம் கொல்கிறது என்பதை வைத்தியசாலைப் பதிவே காட்டும் என்பதுதான் செய்தி. 2005இல் இந்த ஆய்வு வெளிவந்தது. சில ஆண்டுகளில் அந்தக் கொடிய மருந்துகள் கடைத்தட்டிலிருந்து இறங்கின.

கொடிய மருந்துகளை விலக்கும் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கியிருந்தது. 1980ஆம் ஆண்டுப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு பதிவாளரின் கையில் அதிகாரத்தைக் கொடுத்தது. 1984இல் சில மருந்துகள் போயின, 1995இல் வேறு சில, 1998இல் இன்னொன்று, 2008 முதல் 2011 வரை படிப்படியாக மேலும் மூன்று. எந்த மருந்தை விலக்கினால் எது அதன் இடத்துக்கு வரும் என்று வைத்தியர்களும் கமத்தொழில் அதிகாரிகளும் ஒரே மேசையில் இருந்து பேசினார்கள். தடைகளால் நெல் விளைச்சல் குறைந்ததா என்பதை, பதிவாளராக இருந்த காமினி மனுவீரவும் சகாக்களும் பிறகு ஆராய்ந்தார்கள். குறைந்ததற்குச் சான்று இல்லை. 2021இல் எல்லா இரசாயன உரங்களையும் மருந்துகளையும் ஒரே வீச்சில் நிறுத்தப்போய் நெற்செய்கை சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது பெரும் அநியாயம். இங்கே விலக்கப்பட்டவை கணக்குப் பார்த்துத் தேர்ந்த சில மருந்துகள் மட்டும்தான். 1995 முதல் 2015 வரை இந்தத் தடைகள் காத்த உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள், பாதிக்குக் கொடுக்கவில்லை. 50,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்த ஆய்வு அது. பீடைகொல்லியால் தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்வது குறையவில்லை. திறப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாதா?

இன்னொரு கேள்வி எப்போதும் வரும். ஒரு வழியை அடைத்தால் வேறு வழி தேட மாட்டார்களா? நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருவோரின் தொகை குறையவில்லை என்பது உண்மை. ஆனால் வந்தவர்களில் மிகக் கூடுதலானோர் வீடு திரும்பினார்கள். திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலானோர் அடுத்த ஆண்டில் மறுபடி அப்படி வரவில்லை. அந்த இரவைத் தாண்டியவர்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள்.

ஆகவே இங்கே ஒரு கடமை மிச்சமிருக்கிறது. உயிர் தப்பிய பிள்ளையின் வலி தீர்ந்துவிடவில்லை. “சும்மா பயமுறுத்தப் பார்த்தது” என்று உறவினர் சொல்வதை எத்தனையோ வீடுகளில் கேட்கலாம். தயவுசெய்து சொல்லாதீர்கள். அரை மணி நேரத்தில் எடுத்த முடிவு என்பதால் அந்த அரை மணி நேரத்து வேதனை பொய்யாகிவிடாது. “சாக வேண்டும் போல் இருக்கிறதா?” என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பெற்றோரும் ஆசிரியரும் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்டால் பல பிள்ளைகளுக்கு ஆறுதல்தான். பொலிஸுக்கு அஞ்சி மறைக்கவும் தேவையில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டத்தை இலங்கை 1998இல் நீக்கிவிட்டது.

தமிழ்நாட்டிலும் இந்தப் பாதையில் நடந்தவர்கள் உண்டு. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் சினேகா அமைப்பைத் தொடங்கினார். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் களஞ்சியத்தில் வைப்பது சாத்தியமா என்று அவருடைய குழு கடலூர் மாவட்டக் கிராமங்களில் சோதித்துப் பார்த்தது. தேர்வுத் தோல்வியில் நொறுங்கும் பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டில் ஒரு வழி உண்டு. தேர்வில் தவறிய மாணவர் ஓர் ஆண்டை இழக்காமல், சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம். இந்த ஏற்பாடு வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் சினேகாவும் உண்டு. தேர்வு அட்டவணையில் செய்யும் இப்படியொரு மாற்றத்தையும் நான் மனநலச் சிகிச்சை என்றே சொல்வேன்.

இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் மனம் இருண்டிருந்தால், அல்லது உங்கள் வீட்டுப் பிள்ளையை நினைத்துக் கலங்கியிருந்தால், இப்போதே யாரிடமாவது பேசுங்கள். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926. 1333 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கிடைக்கும். இந்தியாவில் டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழில் பேசலாம்.